கணக்கு சார் போட்ட பந்து

சிட்லபாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது என் வேலை. யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். ஸ்போர்ட்ஸ் கேப்டனாக இருந்த அந்தப் பொண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒல்லி உடம்பு, கழுத்தில் விசில். சாக்பீஸ் வாங்கப் போனாலும் ஓடித்தான் போகும். "ஆயாம்மா, நீங்களும் ஓடி வாங்க!" என்று கூப்பிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, விளையாட்டுப் பீரியடில் கணக்கு சார் புத்தகத்தோடு வந்துவிட்டார். பிள்ளைகள் முகம் வாடிப்போச்சு. அந்தப் பொண்ணு அவர் எதிரே போய் நின்றது.

"சார், நீங்க ஒரு பந்து போடுங்க. நான் அடிச்சா பீரியட் எங்களுக்கு. அவுட்டானா கணக்கு."

"ஓவரா பேசுற, வா!" சார் சட்டைக்கையை மடித்துவிட்டார். பள்ளிக்கூடமே ஜன்னலில் நின்றது. பந்து போனது, ஸ்டம்பு சாய்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பொண்ணு ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து நீட்டியது. "செம பால் சார்! கிளாசுக்குப் போலாமா?"

சார் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "இரு, இன்னொண்ணு போடுறேன். அடுத்து யாரு?"

அப்புறம் எங்கே கணக்கு! வகுப்பே வரிசையில் நின்று ஆடியது. அந்தக் கூச்சலில் நான் மணி அடிக்கவே மறந்துபோனேன்.

மொட்டைமாடி வரைக்கும் பந்தை அடிக்கிற பொண்ணு அது. "அந்தப் பந்தை எப்படிம்மா விட்டே?" என்று மெதுவாகக் கேட்டேன். விசிலை ஒரு ஊது ஊதிவிட்டு ஓடிப்போச்சு. நிஜமாவே அவுட்டா, வேணும்னே விட்டதா? மணி அடிக்கப் போகும்போதெல்லாம் எனக்கு இதே யோசனைதான்.