ட்யூப் லைட்டில் முளைத்த கத்திரி நாற்று

கன்னியப்பன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது மரக்காணத்து உப்புப் பாத்தியில், கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கும்போது. என் சித்தப்பா மகன் அப்பாவு வரப்பின் மேல் ஓடிவந்தான். வந்த வேகத்தில் யாரோ வாரி வைத்திருந்த இரண்டு கூடை உப்பைத் தட்டிவிட்டான். "யக்கா, புள்ள பொறந்துட்டான்! கன்னியப்பன்!" என்று கத்தினான். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பெயரா என்று கேட்டேன். "பேர வெச்சிட்டுதான்கா பொறக்கட்டும்னு காத்திருந்தேன்" என்றான்.

அப்பாவு அப்படித்தான். எதையும் கையோடு முடித்துவிடுவான். பையனின் கல்யாணத்தைத்தான் அவனால் முடிக்க முடியவில்லை. பையனைப் பெற்றவளும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு ஆண்களும் ஒரு அடுப்புமாக அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

கன்னியப்பனுக்கு முப்பத்துமூன்று வயது ஆயிற்று. ஆளில் ஒரு குறையும் இல்லை. கறுப்பாக, நெடுநெடுவென்று இருப்பான், வேலைக்காரன். குறையெல்லாம் ஊரில்தான். எங்கள் பக்கத்தில் வாசலில் முருங்கைக் குச்சி நட்டால் அது கடைசி வரைக்கும் குச்சியாகவே நிற்கும். வேப்பங்கன்று வைத்தால் கடல் காற்று வந்து கருக்கிவிட்டுப் போகும். தண்ணீர் கரிக்கும், மண் கரிக்கும், கதவுத் தாழ்ப்பாளை நக்கிப் பார்த்தால் அதுவும் கரிக்கும். பெண் வீட்டார் வீடு பார்க்க வருவார்கள். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று கிடப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அப்பாவு நீட்டிய சொம்பை அப்படி ஐந்து வீட்டார் தொடாமலே போனார்கள்.

ஆறாவதாகப் பார்த்தது இடையஞ்சாவடிப் பெண். சுனாமி வந்த மறு வருஷம், தீபாவளி கழிந்த வாரம். அப்பாவு, கன்னியப்பன், அவன் கூட்டாளி கலியன், நான் ஆக நாலு பேர் போனோம். கலியன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மைக்கும் ட்யூப் லைட்டும் கட்டுவான்.

பெண்ணின் பெயர் மங்கம்மா. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் சமையல் வேலை பார்த்தாள். அவள் அப்பா இருசப்பன் செம்மண் நிலத்தில் கத்திரியும் மிளகாயும் வைக்கிறவர். அவர் கன்னியப்பனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாப்ள நல்லாத்தான் இருக்குறாரு. உங்க ஊர்ல புல்லு மொளைக்குமா? எம் பொண்ணு ஒரு புடி கீரைக்கு பஸ் ஏறணுமா?"

"எங்க ஊர்ல உப்பு வெளையுதுங்க" என்றான் அப்பாவு, விட்டுக்கொடுக்காமல்.

"உப்ப வதக்கி சோத்துல போட்டுக்க முடியுமா?"

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் இருசப்பன் இன்னும் ஏறிப் பேசினார். "உங்க வீட்டுல மொளைச்ச நாலு கத்திரிச் செடிய எங்கண்ணுல காட்டுங்க, தை மாசமே கட்டிக் குடுக்கறேன். இல்லன்னா பெரிய முதலியார்சாவடியில ஒரு பையன் இருக்கான், பட்டறை வெச்சிருக்கான். தை பொறந்ததும் அங்க முடிச்சிடுவேன்."

இருசப்பனைப் பெற்ற சாலம்மாள் எங்கள் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் உப்பளத்தில் என்னோடு உப்பு சுமந்தவள். அவருக்கு அது மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் பெண் கேட்கப் போன இடத்தில் அதையெல்லாம் எடுத்துப் போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்பில் நாங்கள் நாலு பேரும் தலையைத் தொங்கப்போட்டு நின்றோம். அப்பாவு டீக்கடைப் பக்கம் போன நேரம் பார்த்து மங்கம்மா வந்தாள். கையில் குடம். அந்தப் பக்கம் குழாயே கிடையாது.

"செடிதானே கேட்டாரு? வளத்துக் காட்டுங்களேன்" என்றாள்.

கன்னியப்பன் இழுத்தான். "எங்க ஊர்ல எதுவும்..."

"ஊர்ல யாரு வளக்கச் சொன்னா? வீட்டுக்குள்ள வளங்க. எங்க கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு வெள்ளக்காரம்மா ரூமுக்குள்ள ட்யூப் லைட்ட தொங்கவுட்டு தக்காளி நாத்து வளக்குது. வெயிலும் வாணாம், காத்தும் வாணாம்."

"எனக்குச் செடி வேலையே தெரியாதுங்க."

"போன் பண்ணத் தெரியுமா? ஒரு ரூபா காயின் போடுங்க. மத்தியானம் மூணு மணிக்கு கெஸ்ட் ஹவுஸ் போன நாந்தான் எடுப்பேன்." கத்திரி விதை மடித்த பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு வெறுங்குடத்தோடு போய்விட்டாள். போன் நம்பரைக் கலியன்தான் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

மறுநாளே கன்னியப்பன் இடையஞ்சாவடிக்குத் திரும்பிப் போய் இரண்டு சாக்குச் செம்மண் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஏம்பா, மரக்காணத்துல மண்ணே இல்லியா?" என்று கேட்டாராம். "இருக்குது சார், அது வேற மண்ணு" என்று சொல்லிவிட்டு வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தானாம்.

அந்த வருஷ மழையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாத்தியெல்லாம் முங்கி ஒரே கடலாகக் கிடந்தது. கன்னியப்பனுக்கு வேலை இல்லை. வாசலில் லைட் கட்ட வழியில்லாமல் கலியனுக்கும் பாதி வேலை இல்லை. நாலு ட்யூப் லைட்டைக் கொண்டுவந்து உள்ளறையில் மாட்டினான். "டேய், கல்யாணத்துக்கு லைட்டு கட்டியிருக்கேன். கல்யாணம் ஆவுறதுக்கு லைட்டு கட்டுறது இதாண்டா மொத தடவ" என்றான்.

கன்னியப்பன் தனக்குத் தெரிந்த முறையில் வேலையை ஆரம்பித்தான். பிஸ்கட் தகரத்தை வெட்டி ஆழமில்லாத தட்டுகள் செய்தான். மண்ணைப் பரப்பி, சமன் செய்து, சின்னச் சின்ன வரப்பும் கட்டினான். பார்த்தால் அச்சு அசலாக உப்புப் பாத்தி. அப்பனிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். "லைட்டு வெளிச்சத்துல உப்பு வெளையுதான்னு பாக்கறேன்" என்று சொல்லி வைத்தான். அப்பாவும் நம்பிவிட்டான். என்னிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லுவான்.

எட்டாம் நாள் தட்டில் பச்சை தெரிந்தது. கடுகு அளவு இலை, தட்டு நிறைய. கன்னியப்பன் என் வீட்டுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துச் சுற்றினான். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு காயின் பாக்ஸுக்கு ஓடினான். "மொளைச்சிடுச்சுங்க!" என்று அவன் கத்திய கத்தலில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து, நாற்றைக் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போனபோது உள்ளறையில் அப்பாவு குந்தியிருந்தான். கையில் சின்னப் பலகைத் துண்டு. நாலு தட்டும் வழித்துக் கழுவிப் பளபளவென்று சுவரில் சாய்ந்திருந்தன.

"டேய், எல்லாத்துலயும் பாசி புடிச்சிருந்துச்சிடா" என்றான் பெருமையாக. "பாசி புடிச்சா உப்பு வெளையுமா? வழிச்சிக் கழுவி வெச்சிட்டேன். கொஞ்சம் அசந்திருந்தேன்னா எல்லாம் போயிருக்கும்."

பாத்தியில் பச்சை கண்டால் வழித்துவிட வேண்டும். நாற்பது வருஷம் அளத்தில் நின்றவன் கைக்கு வேறு என்ன தெரியும்? கன்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழப் போகிறான் என்று நினைத்தேன். "அது எங் கல்யாணம்ப்பா" என்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். விஷயம் புரிந்ததும் அப்பாவு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். போனில் மங்கம்மா சிரித்த சிரிப்பிலேயே ஒரு ரூபாய் தீர்ந்துபோய் லைன் கட்டாகிவிட்டதாம். அடுத்த காயின் போட்டபோது, "மீதி வெத இருக்குதுல்ல? மறுபடியும் போடு" என்றாளாம். அன்றைக்குத்தான் 'நீங்க' போய் 'நீ' வந்தது. அதை மட்டும் கன்னியப்பன் நாலு தரம் என்னிடம் சொன்னான்.

இரண்டாம் முறை கொட்டாங்கச்சிக்கு ஐந்தாறு விதையாகப் போட்டான். ஊரில் ஒரு கொட்டாங்கச்சி விடவில்லை. டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீரைக் கையால் தெளித்தான். இப்போது அப்பாவுதான் காவல். ஈ உட்கார்ந்தால்கூட விரட்டினான். முளைத்தது. ஆனால் நூல் மாதிரி நீண்டு, தலை நிற்காமல் சாய்ந்தது. போன் போட்டான்.

"லைட்டு எங்க தொங்குது?" என்று கேட்டாள் மங்கம்மா.

"கூரையிலதான். எல்லாரும் கூரையிலதான லைட்டு போடுவாங்க?"

"லைட்டு உனக்கா, செடிக்கா? அது வெளிச்சத்தத் தேடி எட்டி எட்டிப் பாக்குது. எறக்கு. நாலு வெரக்கட ஒசரத்துல தொங்கவுடு."

"சுடாதா?"

"கைய வெச்சிப் பாரு. உங் கை தாங்குனா செடியும் தாங்கும். காலையில போட்டா பொழுது போனதும் நிறுத்திடு, அதுவும் தூங்கணும். தெனம் ஒரு வாட்டி மேலாக்க தடவிக் குடு, தண்டு கெட்டியாவும்."

"எப்படித் தடவறது?"

"கன்னுக்குட்டியத் தடவுனதில்லியா நீ?"

இல்லை என்றான். எங்கள் தெருவில் கன்றுக்குட்டியும் கிடையாது. ஆனாலும் தடவினான். உப்பு அறுத்த கையால் காலையில் ஒவ்வொரு கொட்டாங்கச்சியாகத் தடவிக்கொண்டு போவான். பின்னால் அப்பாவும் தடவிக்கொண்டு வருவான். "நீ தடவுனது போதாதுடா" என்பான்.

வெட்கத்தால் இதையெல்லாம் ஜன்னலை மூடிக்கொண்டே செய்தார்கள். ஆட்டுக்கும் உப்புக் காற்றுக்கும் பயம் வேறு. பகலெல்லாம் இடுக்கு வழியாக வெள்ளை வெளிச்சம் தெரியும். யாராவது கேட்டால் அப்பனும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்கள். ஊருக்கு இது போதாதா? கதவைச் சாத்தி, லைட் போட்டு, ரகசியமாகச் செடி வளர்க்கிறான், சிரித்துக்கொண்டே திரிகிறான் என்றால் அது கஞ்சாதான் என்று ஒருத்தர் சொல்ல, மார்கழி முடிவதற்குள் அது இடையஞ்சாவடி வரைக்கும் போய்விட்டது.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால், காலை பத்து மணி. வாசலில் ஸ்டேஷன் ஏட்டு சைக்கிளை நிறுத்தினார். அவர் ஸ்டாண்டு போடுவதற்குள் இருசப்பனின் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. பின்னால், நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்ட மங்கம்மா.

"யோவ் அப்பாவு! கஞ்சா வளக்குற ஊட்டுக்கா எம் பொண்ணக் கேட்டு வந்தே? இந்தப் பேச்சே இனிமே கெடையாதுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்!" வண்டியை விட்டு இறங்காமலே இருசப்பன் கத்தினார்.

"உள்ள வந்து பாத்துட்டு கத்துப்பா" என்றாள் மங்கம்மா. தனக்குத் தெரியும் என்று அவளால் சொல்ல முடியாது. போன் விஷயம் வெளியே வந்துவிடும்.

எல்லாரும் உள்ளே போனோம். நாலு லைட்டும் தாழத் தொங்க, அதற்குக் கீழே பச்சைப் பசேலென்று நாலு வரிசை. ஒவ்வொன்றும் சாண் உயரம், ஐந்தாறு இலை. ஏட்டு குனிந்து ஒரு குருத்தைக் கிள்ளி மூக்கில் வைத்தார்.

"யோவ், கிள்ளாத!" என்று ஒரு அலறல். பார்த்தால் இருசப்பன். "குருத்த கிள்ளுனா நாத்து வெளங்குமாய்யா? கத்திரிய்யா அது!"

"கத்திரியா? வேற மாதிரி இருக்குதேப்பா. கேஸ் வந்திருக்குது."

"முப்பது வருஷமா கத்திரி வெக்கிறவன் சொல்றேன். இலைக்கு அடியில பாரு, முள்ளு கட்டுது. தண்டப் பாரு, ஊதா ஓடுது. இதப் போயி கஞ்சான்னு..." இருசப்பன் மண்டியிட்டுவிட்டார். ஒரு கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்துத் திருப்பினார். மண்ணை நெருடினார். முகம் மாறியது.

"எங்க அப்பா போட்ட நாத்தங்காலு ரெண்டு வாட்டியும் மழையில அழுவிப்போச்சு" என்று மங்கம்மா பொதுவாகச் சொன்னாள். "எங்க ஊர்ல யாருகிட்டயும் ஒரு நாத்துகூட கெடையாது."

"வாய மூடு" என்றார் அவர்.

ஏட்டு நோட்டை எடுத்தார். "சரி, கத்திரின்னு நீயே சாட்சி சொல்லு, எழுதிக்கினு போயிடறேன். பேரு?"

"இருசப்பன்."

"ஊரு?"

"இடையஞ்சாவடி."

"இந்தப் பையனுக்கு நீ என்னா உறவு?"

அப்பாவு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். இருசப்பன் நாற்று வரிசைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார்.

"எத்தினி இருக்குது?" என்று கன்னியப்பனைக் கேட்டார்.

"நானூத்திச் சொச்சம் இருக்குங்க."

"நடுவு நட ஆளு வேணும். வந்து நடுவியா?"

"சொல்லிக் குடுத்தா நடுவேங்க."

இருசப்பன் ஏட்டு பக்கம் திரும்பினார். "மாமனாருன்னு எழுதிக்கய்யா."

மங்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "ஏம்பா, நாத்துக்கா என்னைக் குடுக்குறே?"

"நீ சும்மா இரு. கேட்டது நாலு செடி, வளத்தது நானூறு. வேற என்னா சொல்லச் சொல்றே?" என்று சீறினார். பிறகு அப்பாவுவைப் பார்த்து, "ஊட்டுல என்னா ஆக்கியிருக்கீங்க?" என்று கேட்டார்.

பழைய சோறும் கருவாடும்தான் இருந்தது. அப்பாவு ஓடிப்போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான். இருசப்பன் அதில் கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ஏட்டும் சாப்பிட்டார். கலியன் செய்தி தெரிந்து ஓடிவந்து, மைக் செட் கொண்டுவந்து பாட்டுப் போடட்டுமா என்று கேட்டான். போடு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

தை மாதக் கடைசியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னாலேயே கன்னியப்பன் நாலு நாள் இடையஞ்சாவடியில் தங்கி நாற்று நட்டுக் கொடுத்தான். முதல் இரண்டு வரிசை கோணலாகப் போய், பிடுங்கித் திரும்ப நட்டதாகக் கேள்வி.

கன்னியப்பன் இன்றைக்கும் மரக்காணத்து அளத்தில்தான் வேலை செய்கிறான். வடக்குப் பக்கத்துப் பன்னிரண்டு பாத்தி அவன் பொறுப்பு. மங்கம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவனோடு அதே வீட்டில் இருக்கிறார்கள்.