எட்டாவது மைக்கில் ஒரு முணுமுணுப்பு

எங்கள் குழுவில் எட்டுப் பேர். வயலின் நான்கு, வயோலா இரண்டு, செல்லோ ஒன்று, ஆளுயர டபுள் பாஸ் ஒன்று. கடைசியில் சொன்னதை வாசிப்பவன் நான். தஞ்சாவூரில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பழைய ஐரோப்பிய இசையை வாசிப்போம். ஆலயப் பண்டிகைக் கச்சேரிக்கு முன் வெளியிட ஒன்றைப் பதிவு செய்தபோது, ஆளுக்கொரு மைக் வைத்து எட்டு டிராக்காக எடுத்தோம். அவற்றை அளவாகக் கலந்து ஒரே இசையாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. வேறு தகுதியை யாரும் கேட்கவில்லை.

ஐந்து நாளில் ஏழு பேருமாகச் சேர்ந்து மொத்தம் பதினொரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்த காரியம் ஒன்றுதான்.

"மத்தவங்கள கொறைக்கச் சொல்லல சார். என்னைய மட்டும் கொஞ்சம் ஏத்துங்க" என்றார் முதல் வயலின்காரர். பல் மருத்துவர், எங்கள் தலைவர். காலமெல்லாம் பிறரை வாய் திறக்கச் சொல்லியே பழகியவர். தன் வாயை மூடிப் பழகவில்லை.

இரண்டாம் வயலின்காரர் திருவிடைமருதூர் பக்கம் குறுவை போட்டிருப்பவர். "தலைமடைக்காரருக்கே எல்லாத் தண்ணியும் போயிட்டா, கடைமடை என்ன சார் ஆவுறது?" என்றார். அவருடைய வயல் வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் இருக்கிறது. அங்கே அவர் இந்த நியாயம் பேசி நான் கேட்டதில்லை.

மேஜையில் கிடந்த, எதனோடும் இணைக்காத ஒரு வால்யூம் குமிழைத் திருகிக் காட்டினேன். "இப்ப?"

"ஆங்... இப்பதான் சார் நம்ம வயலினே கேக்குது!"

பதினொன்றில் ஒன்பது தடவை அந்தக் குமிழ் வேலை செய்தது.

மருத்துவர் இரண்டாம் முறை வந்தபோது காதைத் தீட்டினார். "நடுவுல யாரோ முணுமுணுக்கிறாங்க சார். யாருன்னு கண்டுபிடிங்க. அவர் பண்டிகையன்னிக்கு மேடை ஏற வேணாம்."

அன்றே ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு டிராக்காகக் கேட்டேன். சந்தேகம் முதலில் போனது வயோலாக்காரர்கள் மேல். அண்ணன் தம்பி, நிலத் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை, முணுமுணுத்துக்கொள்ள வழியில்லை, ஆகவே சந்தேகம் அங்கே நிலைக்கவில்லை. மருத்துவரின் டிராக்கில் மூச்சு இரைப்பு மட்டும். என்னுடையதைக் கடைசியாகத்தான் கேட்டேன். அதில் குறை இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"பதினேழு... பதினெட்டு... பத்தொன்பது..."

என் குரல்தான். அந்த இடத்தில் வயலின்கள் மட்டும் வாசிக்கும். மற்ற நால்வரும் முப்பத்தாறு சுற்றுத் தாளம் சும்மா இருக்க வேண்டும். மனசுக்குள் எண்ணுகிறேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என் டிராக்கைக் குறைத்தேன். பக்கத்து வயோலா மைக்கில் வெறும் இரைச்சல் என்று தள்ளியதிலும் நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடம் நின்ற மேடை போய்விடும் என்ற பயத்தில், "ஃபேன் சத்தம் விழுந்திருக்கு, அந்த இடத்த மட்டும் திரும்ப எடுக்கணும்" என்று எல்லோருக்கும் பொய் சொன்னேன்.

மறுபதிவில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொன்றில் அண்ணன் நுழைந்தார். முப்பத்து மூன்றில் செல்லோ. தம்பி நுழையவே இல்லை. மூன்று தடவை எடுத்தோம், மூன்றும் நாசம். நால்வரில் எண்ணியவன் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மருத்துவர் வில்லை இறக்கினார். "போன தடவ முணுமுணுத்தது யாருங்க?"

நான் என் வில்லைத் துடைக்கத் தொடங்கினேன்.

"சரி, சொல்ல வேணாம். யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு இன்னிக்கும் முணுமுணுங்க."

குற்றவாளியைத் தேடுகிறவன் போல நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். வயலின்கள் தொடங்கின. ஒன்று என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.