எந்தச் செவியில?

கருங்கல் ஊர் ஆஸ்பத்திரியில் என் காதைப் பரிசோதித்த மனிதர், நான் பேசும்போது உதட்டையே பார்த்தார். தட்டினால் ரீங்கரிக்கும் இசைக்கவையை முழங்கையில் தட்டி முதலில் தன் நெற்றியில் வைத்தார். பிறகுதான் என் நெற்றியில் வைத்தார்.

"எந்தச் செவியில கூடுதலா கேக்குது?"

கேளாத இடது காதில்தான் ஓங்கி ஒலித்தது. சொன்னால் நம்பமாட்டார் என்று பயந்து, "வலது" என்றேன்.

"அப்பம் எடது நரம்பாக்கும் போனது. அது திரும்பாது."

பதறி எழுந்துவிட்டேன். "இல்ல சார், எடதுலதான் கேட்டுது!"

"பேடிக்காண்டாம். கேளாத செவியில கூடுதலா கேட்டா நரம்புக்கு ஒண்ணுமில்ல. உள்ள மூணு குட்டி எலும்பு உண்டு. அதுல ஒண்ணு இறுகியிருக்கும். டாக்டர் சரியாக்குவாரு."

நிம்மதியில், "ஒங்களுக்கு எந்தச் செவியில சார் கேக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

"நெத்தியில அதிரும். அவ்வளவுதான்," என்றார், என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.