முதலாவதாக வந்த தண்ணீர்

சிலமலைப் பள்ளிக்கூடத்தில் நான் எதிலாவது முதலாவதாக வந்தேன் என்றால் அது தண்ணீரில்தான்.

போடியிலிருந்து ஒரு அக்கா தண்ணீரைச் சோதிக்க வந்திருந்தார். வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் குடத்தில் மொண்டு வந்தார்கள். நான் விடுவேனா? மூன்று மாதத் தம்பிக்குப் பால் பவுடர் கலக்க அம்மா வைத்திருந்த பிளாஸ்க்கில் கை வைத்தேன். எங்கள் வீட்டிலேயே உசத்தியான தண்ணீர் அது. தென்னந்தோப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கஷாயம் போலப் பாதியாக வற்றும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி வைப்பாள். பிள்ளைக்கு ஒரு தூசி தும்பு போய்விடக் கூடாது அவளுக்கு.

அக்கா சின்னக் குழாய்களில் தண்ணீரை ஊற்றி, ஏதோ பொடி போட்டுக் குலுக்கி, வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றாக ரோஸ் நிறம் ஏறத் தொடங்கியதும் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. நல்ல ரோஸுக்குத்தான் பரிசு என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். என்னுடையது ஏறியது, ஏறியது, பீட்ரூட் சாறாகவே ஆகிவிட்டது! நான் பெஞ்சில் ஏறிக் குதித்தேன்.

“இது எங்கேருந்து கொண்டாந்த தண்ணி, ஆத்தா?” என்றார் அக்கா.

“எந் தம்பிப் பாப்பா குடிக்கிற தண்ணிக்கா!”

“வெரசா வா, வீட்டைக் காட்டு.”

ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுபோகிறார் என்றால் பரிசு பெரிதாகத்தான் இருக்க வேண்டும். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம், “நாந்தான் பஸ்ட்டு!” என்று கத்திக்கொண்டே போனேன்.

அம்மா தம்பிக்குப் புட்டிப்பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பாய்ந்து போய்ப் புட்டியைப் பிடுங்கினார். “நல்லா வத்தக் காச்சுன தண்ணிதானம்மா!” என்று பதறினாள் அம்மா.

“காச்சுனா கிருமிதான்க்கா சாகும். யூரியா போட்டுப் போட்டுக் கெணத்துல எறங்குன நைட்ரேட்டு போகாது. வத்த வத்தக் கூடத்தான் செய்யும். பச்சப்பிள்ளைக்கு மூச்சு முட்டிரும்க்கா!”

அம்மா தம்பியை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி ஓடி, உதட்டையும் நகத்தையும் பார்த்தாள். லேசாக நீலம் பூத்திருந்தது. இன்று அவன் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பதால்தான் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

ஆஸ்பத்திரி போக அப்பா ஜீப்பு பிடித்து வருவதற்குள், அம்மா அந்தப் பிளாஸ்க்கை முற்றத்தில் கவிழ்த்தாள். ஜெயித்த தண்ணீரைக் கொட்டிவிட்டாளே என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மாவும் தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பரிசு போனதில் என்னைவிட அவளுக்குத்தான் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.