முதல் குட்டி

வெள்ளிமலை மாதா கோவில் வாசலெங்கும் மூடுபனி. கூலி வேலை செய்யும் ராணி, ஆட்டுக்குட்டியை முந்தானையால் போர்த்திப் பிடித்திருக்கிறாள். போன வருடம் கன்னியாஸ்திரிகள் அவளுக்கு ஓர் ஆடு கொடுத்தார்கள். அது ஈனும் முதல் குட்டியை இன்னொரு ஏழை வீட்டுக்குத் தரவேண்டும் என்பது ஏற்பாடு.

“குடுக்க மனசு வருதாம்மா?” என்று கேட்கிறேன்.

“வர்லீங்க. ஆனா அடுப்பு எரியாத வூடு எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியுமே. இப்ப இவ வூடு அப்டிதான் கெடக்குது.”

எதிரே நிற்கும் இளம்பெண்ணின் கைகளில் குட்டியை வைக்கிறாள். அது விடாமல் கத்துகிறது.

“பழகற வரைக்கும் நீயும் கூட வாக்கா,” என்கிறாள் அந்தப் பெண்.

இருவரும் பனிக்குள் நடக்கிறார்கள். உருவங்கள் மறைந்த பிறகும் குட்டியின் குரல் கேட்கிறது. மெல்ல அதுவும் அடங்க, இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் மட்டும் மிதந்து வருகிறது.