பெல்ட்டில் இருந்த எண்ணெய்

கண்டியிலிருந்து பன்வில போகும் வழியில் ஒரு ஹோட்டலின் புல்வெளி மலைச்சரிவில் கிடக்கிறது. உட்கார்ந்து ஓட்டும் புல்லு வெட்டும் மெசினை அங்கே ஓட்டியவர் என் அப்பா. அந்த மெசினைக் கழற்றிப் பூட்டி, எண்ணெய் மாற்றி, பெல்ட் பார்ப்பவள் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். மோட்டார் மெக்கானிக் வகுப்பில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்து, செய்முறைத் தேர்வில் முதலாவதாக வந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அப்பா என்னை அடித்துத்தான் படிக்க வைத்தார். கணக்கில் குறைந்தால் அடி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றால் அடி. "கொழுந்துக் கூடைய மாட்டிக்கிட்டு மலையேறப் போறியா? போ, இப்பவே போ" என்று கூடையைத் தூக்கி என் மேல் வீசியிருக்கிறார். தேயிலை ஃபெக்டரியில் இலையை நசுக்கும் உருளைகளோடு இருபது வருடம் மல்லுக்கட்டிய கை அது. கன்னத்தில் விழுந்தால் காது அடைத்துவிடும்.

இந்த ஹோட்டலில் எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அந்த மெசினின் இருக்கையை வேறு யாரையும் தொட விடமாட்டார். மழையில் தன் சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டு மூடியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பரம்பரையில் அவருக்கு முன்னால் எவரும் உட்கார்ந்துகொண்டு வேலை செய்ததில்லை. இரண்டு வருடம் கழித்து நான் மெக்கானிக்காக வந்தேன். காலையில் நான் மெசினைப் பார்த்துப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தால்தான் அப்பா அதில் ஏறலாம் என்று ஆனது.

"என்னா மிஸ், மெசினுக்கு ஜாதகம் எழுதிட்டீங்களா? இன்னைக்கு நல்ல நேரமா, கெட்ட நேரமா?" என்று மாமா கேட்பார். மாமா அம்மாவின் தம்பி. தோளில் மாட்டும் சின்ன மெசினால் புல்வெளியின் ஓரங்களை வெட்டுபவர். வீட்டில் என்னைப் 'புள்ள' என்பார், வேலையிடத்தில் கேலிக்கு 'மிஸ்'. அப்பா சிரிக்கமாட்டார். "கையெழுத்த போட்டுட்டு வுடு" என்பார், என் முகத்தைப் பார்க்காமல்.

எண்ணெய் மாற்றுவதில் அவசரம் உதவாது. என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். சூடான எண்ணெய்தான் அழுக்கை அள்ளிக்கொண்டு இறங்கும். அடியிலுள்ள திருகாணியைத் திறந்து வடித்து, மறுபடி இறுக்கி, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினால் என்ஜின் கக்கிவிடும். பெல்ட்டின் சங்கதி நேர் எதிர். அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. இரண்டு பெல்ட்: ஒன்று அடியில் கத்திகளைச் சுழற்றும், மற்றது சக்கரங்களை ஓட்டும். இரண்டுமே காய்ந்த ரப்பரின் பிடியில்தான் இழுக்கின்றன.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்னர் எண்ணெயை மாற்றி, இரண்டு பெல்ட்டையும் புதிதாகப் போட்டேன்.

பூசையன்று அப்பா காலையிலிருந்து மெசினைக் கழுவினார், துடைத்தார், பக்கத்தில் யாரையும் அண்டவிடவில்லை. பிற்பகல் நான் சேலை கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனபோது சந்தனம், குங்குமம், பூமாலை எல்லாம் ஆகியிருந்தது. சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய். அப்பா தேங்காயை ஓங்கி உடைத்த வேகத்தில் ஒரு சில்லு என் கால் வரைக்கும் தெறித்தது. மெசின் மேலிருந்து கீழ்வரை மினுமினுத்தது. எதைப் போட்டுத் துடைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அளவுக்கம்பியை இழுத்தேன். எண்ணெய் தேன் நிறத்தில், இரு கோடுகளுக்கும் நடுவில் நின்றது. பெல்ட் மூடியைத் திறக்க நான்கு ஆணி கழற்ற வேண்டும். மூன்று நாளைக்கு முன் நானே போட்ட பெல்ட். என் கைவேலையை நானே சந்தேகிப்பதா? 'பெல்ட் நன்று' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கால்மணி நேரம் ஆகியிருக்காது. சரிவின் உச்சியில் என்ஜின் அலறியது, இழுக்கப் பாரம் இல்லாமல் வெறிபிடித்து ஓடும் அலறல். ஷெட் வாசலுக்கு ஓடினேன். மெசின் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா பிரேக்கின் மேல் ஏறியே நின்றார். சக்கரங்கள் நின்றன, ஆனால் நனைந்த புல்லில் நின்றபடியே வழுக்கின. கீழே கல்மதில் ஓரமாக மாமா முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒதுங்கு. ஏய் மச்சான்" என்று அப்பா கத்தினார்.

தோளிலிருந்த மெசின் சத்தத்தில் மாமாவுக்கு எதுவும் கேட்டிருக்காது. மோதிய சத்தம் முதலில் வந்தது. மாமாவின் சத்தம் அதற்குப் பிறகு வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் மனிதரிடமிருந்து கேட்டதில்லை.

அவருடைய வலது கால் மெசினுக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. என்ஜின் நின்ற பிறகும் கத்திகள் சுழன்று, கழன்று விழுந்த அவருடைய செருப்பைத் துண்டுதுண்டாகத் துப்பின. ஆறு பேர் சேர்ந்து மெசினைத் தூக்கினார்கள். ஹோட்டல் வேனில் அவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டபோது புல்லில் இருந்த இரத்தத்தின் மேல் யாரோ மண்ணைத் தள்ளினார்கள்.

மெசினை ஷெட்டுக்குத் தள்ளி வந்தோம். சுப்பர்வைசர் கண்டி டவுன்காரர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர். மூடியைத் திறக்கச் சொன்னார். அப்பாதான் ஆணிகளைக் கழற்றிப் பெல்ட்டை உருவினார். அதிலிருந்து தேன் நிறத்தில் எண்ணெய் சொட்டியது.

"மூணு நாளைக்கு முந்தி ஒயில் மாத்தினது யாரு?"

"நான், சேர்."

"ஆணிய ஒழுங்கா இறுக்கினீங்களா?"

"இறுக்கினேன். இன்னைக்குக் காலையிலயும் அளவு பாத்தேன்."

"அப்ப இது என்னா, தேத்தண்ணியா?"

பின்னால் ஒருவர், "பொம்பளகிட்ட மெசின குடுத்தா இப்படித்தான்" என்றார். இன்னொருவர், "புத்தகத்துல மட்டும் எல்லாம் நன்று" என்றார். சுப்பர்வைசர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். பகலுக்குள் காரணம் எழுதித் தர வேண்டும். தப்பு யாருடையதோ அவர் இனி அந்த மெசின் பக்கமே வரக்கூடாது.

அப்பா, "இவ எழுதினத நம்பித்தானே நான் ஏறினேன்" என்றார். "என் மச்சான் கால ஒடச்சது இவதான்."

"ஆணி இறுக்கமாத்தான் இருக்கு. நீங்களே தொட்டுப் பாருங்கப்பா."

அடி விழுந்தது. பெல்ட்டை உருவிய அதே கை. தலை வேலை மேசையின் இரும்பில் மோதி நான் தரையில் கிடந்தேன். மறுபடி ஓங்கியவரை இரண்டு பேர் இடுப்போடு பிடித்தார்கள். அவர்களையும் உதறித் தள்ளினார். என் உதடு பிளந்து வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. ஆனால் மூக்கில் ஏறியது வேறு. தீபாவளி விடியலில் அம்மா என் உச்சந்தலையில் வைத்துத் தேய்க்கும் வாசனை.

நல்லெண்ணெய்.

எழுந்தேன். ஒரு விரலால் என் கன்னத்தைத் தொட்டேன். அளவுக்கம்பியை இழுத்து அதன் நுனியை மறு விரலால் தொட்டேன். இரண்டும் ஒரே நிறம், வாசனைதான் வேறு. இரு விரல்களையும் சுப்பர்வைசரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"பூசைக்கு எண்ணெய் வச்சீங்களாப்பா?" என்று நான் கேட்டேன்.

"ஃபெக்டரில வருசா வருசம் வச்சோம். உருளைக்கெல்லாம் எண்ணெய்க் காப்பு. ஒண்ணும் ஆவல."

"பெல்ட்டுக்குமா வச்சீங்க?"

கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "காஞ்சி போய்க் கெடந்திச்சி. பாக்கப் பாவமா இருந்திச்சி."

அவரைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். சற்று முன் என்னைப் 'பொம்பள' என்றவரே என்னிடம் வந்து, "பெல்ட்டு சரியில்லாத பெல்ட்டுனு எழுதிருங்க மிஸ். ஒங்கப்பாதானே" என்றார்.

எழுதலாம்தான். அப்பாவுக்கு இருக்கை இருக்கும். புதிய பெல்ட் மூன்று நாளில் கெட்டது என்றால் அதைப் போட்டவள் கெட்ட மெக்கானிக். நான் கெட்ட மெக்கானிக் இல்லை. இரண்டு வரி எழுதினேன். பூசைக்காகப் பெல்ட்டில் நல்லெண்ணெய் தடவப்பட்டிருந்தது. மூடியைத் திறந்து பாராமல் 'நன்று' என்று கையெழுத்து வைத்தவள் நான். உதட்டிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. துடைத்தால் எழுத்து கலையும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அப்பா இருக்கையிலிருந்து இறக்கப்பட்டு, மாமாவின் தோள் மெசினுக்கு அனுப்பப்பட்டார். அன்று மாலை அவர் சுவரிலிருந்த என் சான்றிதழைச் சட்டத்தோடு பிடுங்கி, வாசல் கல்லில் அடித்து நொறுக்கினார். அம்மா கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். நான் தாளை எடுத்து, அதே ஆணியில் குத்தி மாட்டினேன். அவர் மறுபடி அதைத் தொடவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாமா காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். "எண்ணெய் தேச்சா சீயக்கா போட்டுக் குளிப்பாட்டணும்ல புள்ள. ஒங்கப்பனுக்கு அது கூடவா தெரியல" என்றார். சிரித்தபோது கால் வலித்து முகம் கோணியது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார்.

வேறு ஓட்டுநர் கிடைக்கும்வரை என்னையே ஓட்டச் சொன்னார்கள். இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். தினமும் நான்கு ஆணியையும் கழற்றி, பெல்ட்டை விரலால் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். அப்பா கல்மதில் ஓரமாக, மாமா நின்ற அதே இடத்தில் வெட்டுகிறார். நான் சரிவில் ஏறும்போது மற்றவர்கள் விலகிப் போவார்கள். அவர் விலகுவதில்லை.

போன மாதம் ஒரு மழைக்காலையில் நான் இருக்கையில் ஏறியபோது அவர் ஷெட் வாசலில் நின்றார். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"தொறந்து பாத்தியா?"

"பாத்தேன்."

தோள் மெசினை மாட்டிக்கொண்டு மதிலுக்கு இறங்கிப் போனார். என் பக்கம் முதுகைத் திருப்பி, கயிற்றை இழுத்து அதை ஓடவிட்டார்.