பெட்டி லொறிக்கு ஒரு நெற்றி

லொறியை விற்கவேண்டும் என்று என் கணவர் சொன்னபோது நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாய் திறக்குமுன் கத்தியைக் கீழே வைத்தேன். எனக்கு என்னைத் தெரியும்.

"விக்கிறதெண்டா என்னையும் சேத்து வித்துப்போடுங்கோ" என்றேன்.

லொறி அவருடையதுதான். பன்னிரண்டு வருடமாகப் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்திறங்கும் முருங்கைக்காயையும் கீரையையும் ஏற்றிவந்து, இங்கே வுப்பர்டாலிலும் பக்கத்து ஊர்களிலும் எங்கள் ஆட்களின் கடைகளுக்குப் போட்டவர். போன வருடம் ஒருநாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு வலிப்பு வந்து விழுந்தார். மருந்தோடு இப்போது ஆள் சுகம். ஆனால் இனி வாகனம் ஓட்டவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து லொறியை ஓட்டுகிறவள் நான். அதற்கு முன் பதினேழு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தேன். முதுகு வலியைத் தவிர அங்கிருந்து நான் ஒன்றும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. லொறியில் ஏறிய பிறகுதான் வேலை முடிந்து சிரித்துக்கொண்டு வருகிற பொம்பிளையானேன். அதை அவர் கவனித்தாரோ தெரியாது. நான் ஓட்டுவதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. காலையில் எஞ்சின் சத்தம் கேட்டதும் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார். பக்கத்தில் ஏறி வாருங்கள் என்றாலும் வரமாட்டார். "என்ரை கால் சும்மா இராது, பிரேக்கைத் தேடும்" என்பார்.

பிழை என் வாயில்தான். வழியில் ஒரு உயரமான பாலம். அன்றைக்கு அதில் போகும்போது காற்று அடித்து லொறியை ஒரு உலுக்கு உலுக்கியது. நான் சமாளித்துவிட்டேன். வந்து பேசாமல் இருந்திருக்கலாம். தவளையும் தன் வாயால் கெடும். கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார். அடுத்தநாள் நான் வெங்காயம் வெட்டும்போது வந்து, "விப்பம்" என்றார்.

மூன்று நாள் கதை பேச்சில்லை. நாலாம் நாள் அவரே வந்து, "காத்துக்கு ஏதும் வழி செய்து பாப்பம். சரிவராட்டி விக்கிறதுதான்" என்றார். எங்கள் லொறிக்குத் தலை, அதாவது ஓட்டுகிறவர் இருக்கிற அறை, தாழ்வு. அதற்குப் பின்னால் பெட்டி சுவர்போல உயர்ந்து நிற்கும். ஓடும்போது எதிர்க்காற்று முழுக்க அந்தச் சுவரில்தான் போய் மோதும். தலைக்கு மேலே சரிவாக ஒரு வளைந்த மூடி வைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். பெரிய லொறிகளில் பார்த்திருப்பீர்கள். கடையில் விற்கிற எதுவும் எங்கள் பெட்டியின் உயரத்துக்குப் பொருந்தவில்லை. "நானே செய்யிறன்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு நெற்றி என்று பெயர் வந்தது.

ஜெர்மனியில் வாகனத்தில் நினைத்தபடி ஒன்றையும் பூட்ட முடியாது. முதலில் படம் கீறி எடுத்துக்கொண்டு, Termin என்கிற நேரப்பதிவு போட்டு, வாகனப் பரிசோதகரிடம் போனார். எந்தத் தடிப்பு, எத்தனை போல்ட், விளிம்பு எப்படி இருக்கவேண்டும் என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்தார். அன்று வந்த மனுசனுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

கராஜில் வெள்ளை நுரைப்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அரிந்து, தேய்த்து, ஒரு மாதமாக வடிவம் எடுத்தார். தலைமயிர், மீசை, சோற்றுக்கோப்பை எங்கும் வெள்ளைத் தூள். வடிவம் வந்ததும் அதன்மேல் கண்ணாடி நார்த்துணியை விரித்துப் பிசினைப் பூசினார். பத்து நிமிடம் ஆகவில்லை, "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் வாங்கிய பிசின் அந்த நுரையைத் தின்கிற சாதி. ஒரு மாத வேலை புளி விட்ட பால்போலத் திரைந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாக அடக்க முடியவில்லை. பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கையுறையைக் கூடக் கழற்றாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.

"இதுவும் என்னால ஏலாது" என்றார்.

அந்த 'இதுவும்' எனக்கு நெஞ்சுக்குள் குத்தியது. இந்த மனுசன் ஒரு வருடமாக இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாரா? நான் ஒரு மடைச்சி, என் சந்தோசத்தில் ஓடித் திரிந்திருக்கிறேன். "எழும்புங்கோ. கறி அடிப்பிடிச்சா சட்டியையா எறியிறது?" என்று அதட்டினேன். வேறு என்ன சொல்ல? அழுதால் இரண்டு பேரும் அழவேண்டும்.

நுரையைத் தின்னாத பிசினை அடுத்தநாள் நானே கேட்டு விசாரித்து வாங்கி வந்தேன். துணி வெட்டுகிற வேலையையும் எடுத்துக்கொண்டேன். சட்டை தைக்கத் தெரிந்தவளுக்கு வளைவுக்குத் துணி வெட்டத் தெரியாதா? பேப்பரில் அளவெடுத்து, கைக்குழி வெட்டுவதுபோல வெட்டிக் கொடுத்தேன். சுருக்கமில்லாமல் படிந்தது. "உமக்கு இது கைவந்த கலை" என்றார். வலிப்பு வந்த பிறகு அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல்தடவை.

பூட்டி முடிந்து பரிசோதனைக்குப் போனோம்; நான் லொறியில், அவர் பஸ்ஸில். பரிசோதகர் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், தொங்காத குறை. நல்ல வேலை என்றார். பிறகு பத்திரத்தில் கையெழுத்து வைத்துக்கொண்டே, "போன தடவையே சொன்னேன்தானே, இது எதிர்க்காற்றுக்கு மட்டும்தான். பக்கக் காற்றுக்கு உதவாது" என்றார்.

பாலத்தில் என்னை உலுக்கியது பக்கக் காற்று. வெளியே வந்ததும் வெடித்தேன். "இது தெரிஞ்சுகொண்டோ நாலு மாசம் மினக்கெட்டனீங்கள்?"

"ஓம்" என்றார். "நீர் லொறியோட போனா வரும்வரைக்கும் நான் என்ன செய்யிறது? கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலாது. உமக்கெண்டு ஏதாவது செய்யவேணும் போல இருந்தது." பரிசோதகரின் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பாப்பம். பிறகு விக்கிறதைப் பற்றிக் கதைப்பம்" என்றார். நான் ஏசாமல் லொறியில் ஏறினேன்.

காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க, நெற்றி முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டினார். நூல் படிந்து நின்றால் சரி, துடித்தால் வளைவு பிழை. அதை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். நான் மரக்கறி போடுகிற கடைக்கார அண்ணை தன் காரைக் கொண்டுவந்தார். இவர் அதில் ஏறினார். நான் லொறியில் தனியே.

ஞாயிறு காலை, ஓட்டோபான் நெடுஞ்சாலையில் சனமில்லை. நான் நடுப்பாதையில், அவர்கள் எனக்கு இடப்பக்கம். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முன்னால் ஒரு கார் கரவன் வீட்டுவண்டியை இழுத்துக்கொண்டு நடுப்பாதையில் ஊர்ந்தது. அண்ணை பின்வாங்கி வழிவிட்டார். கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, அதை விலத்தி, திரும்ப உள்ளே வந்தேன். அண்ணையின் கார் மறுபடியும் பக்கத்தில் வந்தது.

"இப்ப தொண்ணூறு. நூல் எப்பிடி நிக்குது?"

கைபேசிப் பக்கம் தலையைச் சரித்துக் கத்தினேன்.

"இஞ்சாருங்கோ! கேக்குதோ?"

"தங்கச்சி, அவர் கதைக்கிற நிலையில இல்லை" என்றது அண்ணையின் குரல்.

எனக்கு உயிர் போய் வந்தது. "வலிப்போ? அண்ணை, ஓரமா நிப்பாட்டுங்கோ!"

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை." இவருடைய குரல்தான். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. "நீர் றோட்டைப் பாரும்."

"நூலைப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"உம்மைத்தான் பாத்தனான். என்னைவிட ஆறுதலா, பதறாம ஓடுறீர்."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப லொறியை விக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"உம்மடை லொறியை நான் எப்பிடியப்பா விக்கிறது?"